மேல்புதுப்பாக்கம் தந்த சுவாமி சகஜானந்தர்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எந்தப் பெருமகனாரின் வரலாற்றை வரைவது என்று எண்ணியபோது, அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. ராஜா ஆகியோரின் பெயர்கள் இயல்பாகவே முன்னின்றன. அவர்களைப் பற்றி நம் இளைஞர்கள் மேடைகளில் கேட்டிருக்கின்றனர், நூல்களில் படித்திருக்கின்றனர். ஆயினும், நம் திருவண்ணாமலை மாவட்டத்து மண்ணிலேயே பிறந்து, ஏழைப் பிள்ளையின் படிப்புக்குப் பொருள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் உண்டு. அவரே சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிய சுவாமி சகஜானந்தர். சிதம்பரத்தார் அவரைத் தம்மவர் என்பர், அது நியாயமே. ஆனால் அவர் பிறந்த ஊர் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்று சொன்னால், நம் பகுதி மாணவர்களே வியந்து நோக்குகின்றனர். கல்விக்கென்றே தோன்றிய நம் சங்கத்தின் மலரில் அன்னாரின் வரலாறு இடம்பெறுவது பொருத்தமெனக் கொண்டோம்.

அவர் 1890 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27 ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. தாயார் அலமேலு, தந்தையார் அண்ணாமலை. அந்நாளில் ஆரணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை வட்டமோ தென் ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. எல்லைகள் பின்னர் மாறின. 1989 ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் எதுவாயினும் மலை ஒன்றுதான். அம்மலையின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு வைத்து மகிழ்ந்த நம் மக்கள், அம்மலையடிக் கோயிலின் வாயிலைக் கடக்க இயலாதிருந்த காலம் அது. பெயரை எவரும் தடுக்கவில்லை, நுழைவைத்தான் தடுத்தனர்.

கோயிலைப் போன்றே பள்ளியும் இருந்தது. அக்காலத்துக் கிராமப் பள்ளிகள் பலவும் கோயில் மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ, மேற்குடியார் வீட்டுத் திண்ணையிலோ நடந்தன. சேரிப் பிள்ளை அவ்விடங்களுக்குள் கால் வைத்தல் ஆகாது. அரசினர் பணத்தில் நடந்த பள்ளிகளிற்கூட இதே நிலைதான். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று சென்னை அரசு மீண்டும் மீண்டும் ஆணையிட்டது. ஆணை கச்சேரியில் இருந்தது. பள்ளி அக்கிரகாரத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தைச் சேரிப் பிள்ளையால் கடக்க முடியவில்லை.

முனுசாமி பிறந்த காலத்தையொட்டி, சென்னை மாகாணத்தில் சில நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891 ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு எழுதினார். நிலமின்மை, கடன், அடிமைத் தொழில், கல்வியின்மை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதன் வழியே வந்ததாகும். 1893 ஆம் ஆண்டில் கல்வி பற்றிய அரசாணை ஒன்று பிறந்தது. நம் இளைஞர்கள் இவ்வாணையைக் கூர்ந்து அறிதல் வேண்டும். ஏனெனில், ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கென்று பள்ளிக்குக் கூடுதல் பணம் தரும் கொள்கை நம் மாகாணத்தில் அதன் மூலம் உறுதி பெற்றது.

அக்காலத்தில் தனியார் பள்ளிகளுக்கு அரசு அளித்த மானியம், மாணவர் தேர்வில் பெறும் தேர்ச்சியைக் கணக்கிட்டு வழங்கப்பட்டது. இன்ன வகுப்பில் இத்தனை பிள்ளைகள் தேறினால் பள்ளி நடத்துவோருக்கு இவ்வளவு தொகை என்பது முறை. பஞ்சமர் எனப்பட்ட நம் பிள்ளைகள் தேறினால் வழக்கமான வீதத்திலும் உயர்ந்த வீதத்தில் மானியம் தரப்படும் என்றது அவ்வாணை. நம் மக்களிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு வருவோருக்கு உதவித் தொகையும், பள்ளி கட்டுவதற்குப் புறம்போக்கு நிலமும் அளிக்க வழி செய்யப்பட்டது. மறு ஆண்டிலேயே, 1894 இல், கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமருக்கான இலவசப் பள்ளியைத் திறந்தார். கிறித்தவ மிஷன்கள் முன்னரே இப்பணியில் இறங்கியிருந்தன. நம் திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி தோன்றியதும், ஆற்காட்டுப் பகுதியில் அமெரிக்க ஆற்காடு மிஷனின் பள்ளிகள் பரவியதும் அந்த வரிசையில் சேர்ந்தவையே. அவை இல்லாதிருந்தால் நம் பாட்டன்மார் பலர் கையெழுத்திடவும் அறிந்திரார். இந்நன்றியை மறப்பது தகாது.

ஆயினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அந்த மானியம் பிள்ளையின் கைக்கு வருவதன்று. பள்ளியை நடத்துவோரின் கைக்குச் செல்வது. பிள்ளையின் சோறும் துணியும் படுக்கையும் அவர்களின் அருளைச் சார்ந்தவை. அருளால் வருவது எதுவாயினும் அதனோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வரலாம். இதை முனுசாமி தம் இளமையிலேயே உணர நேர்ந்தது.

அவர் ஆரணிப் பகுதியில் தொடக்கக் கல்வி பெற்றபின், திண்டிவனத்தில் இருந்த மிஷன் பள்ளியில் விடுதி மாணவராகச் சேர்ந்து பயின்றார். படிப்பில் முதன்மையானவராக விளங்கினார். பைபிளையும் நன்கு கற்றார். அவருடைய அறிவுக் கூர்மையை மெச்சி ஆசிரியர்கள் சிகாமணி என்ற பெயரால் அழைத்தனர். அவரைத் தம் சமயத்துக்குக் கொண்டுவந்து பெரிய ஊழியராக்க வேண்டுமென்று அவர்கள் விரும்பியது இயல்பே. சிறுவர் இசையவில்லை. அதுவரை அவருடைய படிப்புக்கும் உணவுக்கும் ஆன செலவைத் திருப்பித் தருமாறு கேட்கப்பட்டது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கூலி வேலை செய்யும் பெற்றோர் அத்தொகைக்கு எங்கே போவர்? படிப்பு அத்துடன் நின்றது.

சமயம் மாறியதால் நம் மக்களுள் உயர்வடைந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்களும் நம் உடன்பிறந்தோரே. எம்மதம் சிறந்தது என்பது இங்கு வழக்கன்று. ஒரு சிறுவன் உண்ட சோற்றுக்குக் கணக்குக் கேட்கப்படும் நிலை எவ்வளவு கொடியது என்பதே நாம் நினைக்க வேண்டுவது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உண்பதற்கு யாரும் கணக்கெழுதுவதில்லை. ஏழைப் பிள்ளையின் ஒவ்வொரு கவளமும் எங்கோ ஒரு பேரேட்டில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. பின்னாளில் சகஜானந்தர் கட்டியெழுப்பிய கல்விக் கழகத்தைப் பார்க்கும்போதெல்லாம், திண்டிவனத்து விடுதியின் அந்தச் சிறுவனை நாம் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அக்குடும்பம் கோலார் தங்க வயலுக்குப் பெயர்ந்தது. வட ஆற்காட்டிலிருந்து நம் மக்கள் பல்லாயிரவர் அவ்வழியே சென்றவர்கள்தாம். ஊரில் பண்ணையாருக்குக் கட்டுண்டு கிடப்பதைவிட, பூமிக்கடியில் இறங்கினாலும் சனிக்கிழமைதோறும் கையில் காசு காணலாம் என்ற நம்பிக்கை அவர்களை இழுத்தது. ஆனால் இளைஞர் முனுசாமியின் நெஞ்சம் தங்கத்தில் நிற்கவில்லை. சமய நூல்களிலும் வேதாந்தத்திலும் நாட்டம் கொண்டு குருவைத் தேடி அலைந்தார். சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் என்ற துறவியாரை அடைந்தார். கையையே உண்கலமாகக் கொண்டு வாழ்ந்தமையால் அத்துறவிக்கு அப்பெயர் வழங்கிற்று. அவரிடம் தமிழும் வடமொழியும் சாத்திரங்களும் கற்றுத் தேர்ந்தார். குருவே அவருக்குச் சகஜானந்தர் என்று பெயரிட்டார். நம் குலத்தார் வடமொழியைக் காதால் கேட்பதும் குற்றமென்று சொல்லி வந்தவர்கள், அவருடைய சொற்பொழிவின் முன் வாயடைத்து அமர நேர்ந்தது தனிக்கதை.

1910 ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில், குருவின் கட்டளைப்படி அவர் சிதம்பரத்துக்குப் போந்தார். நம் ஊர் நெருப்புத் தலம். சிதம்பரம் ஆகாயத் தலம் என்பர். அண்ணாமலையாரின் மகனாகப் பிறந்தவர் தில்லைக்குச் சென்று நிலைத்ததைச் சைவ அன்பர்கள் பலவாறு வியந்து பேசுவர். அவரை அவ்வூருக்கு ஈர்த்தது நந்தனாரின் நினைவு. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லித் திருநாளைப் போவார் என்றே பெயர் பெற்ற அந்த நந்தனார்தாம். சிதம்பரத்தில் ஓமக்குளம் என்ற இடத்தை அவரோடு தொடர்புபடுத்திக் கூறும் மரபு உண்டு. அங்கேதான் சகஜானந்தரின் நந்தனார் மடம் தோன்றிற்று.

நந்தனார் கதையை நம்மவர் எல்லோரும் ஒரே விதமாகக் கொள்வதில்லை. நெருப்பில் மூழ்கித்தான் உள்ளே போக முடிந்தது என்ற கதை நம்மை இழிவுபடுத்துவது என்று கருதுவோர் உளர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சகஜானந்தர் அக்கதையிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. பண்ணையாளாகிய நந்தனுக்கு, ஒரு நாள் போய்வர ஆண்டையின் உத்தரவு வேண்டியிருந்தது. சேரிப் பிள்ளை பள்ளிக்குப் போகவும் அதே உத்தரவுதான் வேண்டியிருந்தது. உழவு முடியட்டும், நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று அவன் படிப்பும் நாளைக்கு நாளை தள்ளிக்கொண்டே போயிற்று. தம் கல்விக் கழகத்துக்கு அவர் நந்தனாரின் பெயரையே சூட்டியது வெறும் பக்தியால் மட்டும் அன்று என்பது நம் கருத்து.

நந்தனார் கல்விக் கழகம் 1916 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பள்ளி 25 பிள்ளைகளோடு தொடங்கிற்று. இன்று ஒரு வகுப்பறையிலேயே அதைவிட மிகுதியான பிள்ளைகள் அமர்கின்றனர். ஆயினும் அந்த 25 பேரை ஓரிடத்தில் சேர்ப்பது எத்துணை அரிது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பளம் வாங்காத பள்ளி என்றால் செலவே இல்லாத பள்ளி என்று வெளியார் நினைப்பர். கூலிக்காரன் வீட்டுக் கணக்கு அப்படியன்று. எட்டு வயதுப் பையன் மாடு மேய்த்தால் அவனுக்கு ஒரு வேளைக் கூழ் கிடைக்கும். சில இடங்களில் ஆண்டுக்கு இத்தனை மரக்கால் நெல்லும் கிடைக்கும். அவன் பள்ளிக்குப் போனால் அக்கூழும் இல்லை, நெல்லும் இல்லை. மேலும் தகப்பன் வாங்கிய கடனுக்காகப் பையனைப் பண்ணையில் விட்டிருந்தால், அவனை அழைத்துக்கொள்ளும் உரிமையும் தகப்பனுக்கு இல்லை. ஆகவே படிப்பு இலவசமாயினும், படிக்கப் போவதற்கு அக்குடும்பம் ஒரு விலை கொடுத்தே தீர வேண்டும். அவ்விலையை யார் செலுத்துவது?

சகஜானந்தரின் பெருமை இக்கேள்வியைக் கேட்டதில் இருக்கிறது. அவர் பள்ளியை மட்டும் கட்டவில்லை. பள்ளியோடு சேர்த்து உணவு விடுதியையும் நடத்தினார். பிள்ளை சேரியை விட்டு வந்து மடத்தில் தங்கினால், ஆண்டையின் குரல் எட்டாது, பசியும் இல்லை, இரவில் விளக்கும் உண்டு. நம் சேரிகளில் இரவில் படிக்க விளக்கு என்பது அந்நாளில் கனவு. ஓர் எண்ணெய் விளக்கைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் அமர்ந்து படிப்பதற்கும், அடுப்பின் வெளிச்சத்தில் ஒருவன் எழுத்துக்கூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, தேர்வு எழுதியவருக்கே தெரியும். எண்ணிக்கை ஆண்டுதோறும் வளர்ந்தது. அன்பர்களிடம் நன்கொடை பெறுவதும், அரசினரிடம் மானியம் கேட்பதும், அடுத்த வாரத்துக்கு அரிசி எங்கே என்று எண்ணுவதுமாக அவர் நாள்கள் கழிந்தன. துறவு பூண்டவருக்குக் குடும்பக் கவலை இல்லை என்பர். சோறிட வேண்டிய பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க, அவரினும் பெரிய குடும்பஸ்தர் எவர்? தாய் தந்தையை இழந்தவர்களும், பாட்டியிடம் வளர்பவர்களும், யாரோ எடுத்து வளர்க்கும் பிள்ளைகளும் நம் சேரிகளில் எக்காலத்திலும் உண்டு. இத்தகையோருக்கு விடுதி ஒன்றே வீடு. ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பெண்பிள்ளைகளுக்கும் நந்தனார் பெயரால் பள்ளி அமைந்தது.

இவ்வாறு தனி ஒருவரின் முயற்சியால் நூற்றுக்கணக்கானோர்க்கு வழி பிறக்கலாம், இலட்சக்கணக்கானோர்க்குப் பிறக்காது. இதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனவே மடத்தில் அமர்ந்திராமல் சட்டமன்றத்துக்குள் சென்றார்.

அதற்குள் காலமும் சற்று மாறியிருந்தது. 1920 ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை என்ற பெயரில் ஒரு துறை ஏற்பட்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் முன்னேற்றப் பணி அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. சேரிகளில் பள்ளி திறத்தல், கிணறு வெட்டுதல், குடிமனை வழங்குதல், மாணவருக்கு உதவித் தொகை அளித்தல், விடுதி நடத்துதல் ஆகியவை அத்துறையின் பணிகள். நம் முதியோர் சிலர் லேபர் பள்ளிக்கூடம் என்று குறிப்பிடுவது அத்துறை நடத்திய பள்ளியையே. அதே 1920 ஆம் ஆண்டில் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. 1922 ஆம் ஆண்டில், எம். சி. ராஜா முதலியோரின் முயற்சியால், பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்றது. இந்நிலையில் 1926 ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார்.

காவியுடை அணிந்த ஒருவர் வரவு செலவுத் திட்டத்தின் மீது பேச எழுந்தபோது சிலர் வியந்திருக்கலாம். ஆனால் அவர் பேச்சு விண்ணுலகைப் பற்றியதன்று. பள்ளிக்கு மனை, மாணவருக்கு உதவித் தொகை, விடுதிக்கு மானியம், சேரிக்குக் குடிநீர், உழைப்பவனுக்கு நிலம் என்பனவே அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள். சட்டமன்றம் எவ்வாறு செயல்படுகிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று. அரசு ஒரு துறைக்கு இவ்வளவு பணம் வேண்டுமென்று மானியக் கோரிக்கை வைக்கும். அப்போது உறுப்பினர் எழுந்து, சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவாயிற்று, எந்த மாவட்டத்துக்குச் சென்றது, ஏன் மிச்சமாயிற்று என்று வினவலாம். அமைச்சர் விடை கூறியே ஆக வேண்டும். நம்மவர் ஒருவர் அங்கு அமர்ந்து அக்கேள்வியைக் கேட்கவில்லையெனில், கேட்பார் வேறு எவரும் இரார். மேடையில் ஆயிரம் பேர் கைதட்டும் பேச்சைவிட, மன்றத்தில் கேட்கப்படும் ஒரு சிறு கேள்வி சில சமயங்களில் ஒரு விடுதியின் அடுப்பை எரியச் செய்துவிடும்.

அவர் பேராயக் கட்சியைச் சார்ந்து நின்றார். சைவத்தில் ஊன்றி நின்றார். கோயில் நுழைவை ஓர் உரிமையாகக் கருதி அதற்காகப் பாடுபட்டார். 1947 ஆம் ஆண்டில் கோயில் நுழைவுச் சட்டம் வந்து, மாகாணம் முழுவதும் கோயில் வாயில்கள் நம் மக்களுக்குத் திறந்தன. கோயிலுக்குள் போவதால் என்ன பயன், இந்து சமயத்தையே விட்டு வெளியேறுவோம் என்று அக்காலத்திலேயே கூறியோர் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1956 ஆம் ஆண்டில் பௌத்தம் தழுவியதை நாம் அறிவோம். அரசியலிலும் சமயத்திலும் சகஜானந்தர் சென்ற வழியை ஏற்காதோர் நம் சங்கத்திலேயே உளர். அவர்களும் மறுக்க இயலாத ஒன்று உண்டு. அவர் நடத்திய விடுதியில் உண்டு படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள். அவர்கள் எல்லோரும் அவருடைய சமயக் கொள்கையை ஏற்றார்களா என்று எவரும் கேட்டதில்லை.

இந்திய அரசு 1944 ஆம் ஆண்டில் பள்ளி இறுதி வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு நம் மாணவருக்கு உதவித் தொகை வழங்கத் தொடங்கிற்று. விடுதலைக்குப்பின் 1949 ஆம் ஆண்டில் தொழிலாளர் துறையின் இப்பணிகள் அரிசன நலத்துறை என்ற தனித் துறையிடம் வந்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை அதன் வழித்தோன்றல். 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, நலிந்த பிரிவினரின், குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு வளர்ப்பது அரசின் கடமை என வகுத்தது. அருள் கடமையாயிற்று. 1956 ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது சகஜானந்தர் சட்டமன்றத்தில் இருந்தார். சிதம்பரத்து மடத்தின் அடுப்படியில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட உண்மை, பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, பிறகுதான் எழுத்து என்பது, அரசின் திட்டமாகவே வந்ததை அவர் தம் கண்ணால் கண்டார்.

1959 ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் மறைந்தார். மறையும்போதும் அவர் சட்டமன்ற உறுப்பினரே. அவர் வளர்த்த பள்ளிகள் இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாக நடந்துவருகின்றன. அவருக்குச் சிதம்பரத்தில் மணிமண்டபமும் உண்டு.

அவருக்குப் பின் நடந்தவற்றையும் சிறிது கூறவேண்டும். 1979-80 முதல், மக்கள்தொகையில் நமக்குள்ள விழுக்காட்டுக்கு ஏற்பத் திட்ட நிதியை ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. 2024 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆதிதிராவிடர் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர். மாநிலத்திலோ 20 விழுக்காட்டினர். ஆகவே இந்நிதியின் கணக்கு நமக்குப் புறம்பான செய்தியன்று.

கடல் கடந்த நாடொன்றின் செய்தியையும் ஒப்பு நோக்குவோம். நம் மாகாணத்தில் 1893 இல் நம் பிள்ளைகளுக்கு உயர்ந்த மானியம் என்ற ஆணை ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்தது. அவர்களுடைய சொந்த நாடாகிய இங்கிலாந்திலோ, ஏழைப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பள்ளிக்குக் கூடுதல் தொகை என்ற திட்டம் 2011 ஆம் ஆண்டில்தான் வந்தது. 2014 முதல், அரசின் காப்பில் இருந்து தத்து எடுக்கப்பட்ட பிள்ளைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். ஏழைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அவ்வாண்டு 1,300 பவுன். தத்துப் பிள்ளைக்கு 1,900 பவுன். நல்ல வீட்டுக்கு வந்துவிட்டாலும் அப்பிள்ளை இளமையில் இழந்தது எளிதில் நிரம்பாது என்று கண்டு, கூடுதலாகத் தருகின்றனர். இக்கருத்து நுட்பமானது. ஆனால் அங்கும் பணம் பள்ளிக்கே செல்கிறது. அத்தொகையை எவ்வாறு செலவிடுகிறது என்று பள்ளி கணக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. திண்டிவனத்தில் பிள்ளையிடம் கணக்குக் கேட்டனர். அங்கே பிள்ளைக்காகக் கணக்குக் கேட்கின்றனர். நம் நாட்டிலும் 2025 செப்டம்பரில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளின் பாட்டன் பாட்டியர் இதை அறிந்து விண்ணப்பிக்க, படித்த இளைஞர் துணை நின்றால் போதும்.

நம் சங்கத்தின் அனுபவமும் இதனோடு ஒத்திருக்கிறது. எம்மிடம் உதவி நாடி வரும் பெற்றோர் பள்ளிச் சம்பளத்துக்காக வருவது அரிது. பேருந்துக் கட்டணம், விடுதியில் சேரும் நாளில் வாங்கவேண்டிய பெட்டியும் பாயும், தேர்வுக் காலத்தில் தாய் நோயுற்றால் வீட்டுச் செலவு என இவ்வாறானவற்றுக்கே வருகின்றனர். உதவித் தொகை உண்டு. ஆனால் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் ஒன்று சேரவில்லையென்றால் அது வராது. எடுத்து வளர்க்கும் பிள்ளைக்குச் சான்று பெறுவது இன்னும் கடினம்; பெற்றவர் பெயர் எது, வளர்ப்பவர் பெயர் எது என்ற கேள்வியிலேயே ஓர் ஆண்டு கழிந்துவிடுகிறது. விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்வதும் சிறு வேலையாகத் தோன்றலாம். அரிசிக்காகச் சிதம்பரத்து வீதிகளில் நடந்த துறவியின் வேலையும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இவ்வெள்ளி விழா ஆண்டில், நம் மாலைப் படிப்பகத்தின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியரை இரண்டு நாள் பயணமாக அழைத்துச் செல்லச் செயற்குழு முடிவு செய்துள்ளது. முதல் நாள் காலை பேருந்தில் ஆரணி சென்று மேல்புதுப்பாக்கத்தைக் கண்டு திரும்புவோம். மறுநாள் விழுப்புரம் வழியாகச் சிதம்பரம் சென்று, ஓமக்குளத்தில் நந்தனார் மடத்தையும் பள்ளிகளையும் பார்ப்போம். பயணச் செலவைச் சங்கமே ஏற்கிறது. வர விரும்பும் மாணவர்கள் பெற்றோரின் ஒப்புதலோடு செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பெற்றோர் இல்லாதவர்கள், தம்மை வளர்ப்பவரின் கையொப்பத்தோடு வந்தால் போதுமானது.